விரைப்பையில் நீர் கோத்திருக்கிறது: ஊசியிலேயே எடுத்துக்கொண்டிருக்கலாமா, ஆபரேஷன்தான் வழியா?

தறிவீடு_திருபுவனம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதை நேரில் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது 47. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனம். பட்டுத்தறி நெய்கிறேன். வலது பக்க விரைப்பை வீங்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகப்போகிறது. முதலில் எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. வலி கிடையாது, சும்மா விட்டுவிட்டேன். இப்போது நல்ல பெரிய மாங்காய் அளவு. காலையிலும் ராத்திரியிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இருமினால் பெருப்பதில்லை, படுத்தால் உள்ளே போவதும் இல்லை.

நான் நெய்வது குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் தொடை உரசும். போன சித்திரையில் அந்த இடத்துத் தோல் வெந்து புண்ணாகிவிட்டது. ஏழு நாளில் அறுத்துக் கொடுக்கிற புடவை இப்போது பத்து நாள் இழுக்கிறது. கூலி அப்படியே குறைகிறது. மனைவிக்கு விஷயம் தெரியும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்பதால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம். காரணம், என் அப்பாவுக்கு யானைக்கால் இருந்தது. கடைசி பத்து வருடம் அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. 'அப்பனுக்குக் கால், மகனுக்கு ஓதம், வம்சத்திலேயே இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் போதும், என் பெண்ணின் தலையில் விழும்.

போன ஐப்பசியில் ஒரு கிளினிக்கில் ஊசி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். தேன் நிறத்தில் தெளிந்த நீர், பெரிய டம்ளர் ஒன்றுக்கு மேல் வந்தது. அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கம் நான்கு வருடத்தில் தூங்காதது. ஆறாவது வாரம் பழையபடி நிறைந்துவிட்டது. 'மறுபடி வா, எடுத்துவிடலாம்' என்கிறார்கள். ஸ்கேன் எதுவும் எடுக்கச் சொல்லவில்லை.

இப்படியே எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டலாமா? வருடா வருடம் வீட்டுக்கு வந்து கொடுத்த யானைக்கால் மாத்திரையைச் சாப்பிட்டால் கரையுமா? ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடும் என்று தறிக்கூடத்தில் ஒருவர் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார், அது உண்மையா? செய்தால் எத்தனை நாள் தறியில் உட்கார முடியாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_ஸ்டியரிங் எழுதியது:

தம்பி, நான் நாமக்கல். 31 வருடம் லாரி ஓட்டினேன், இப்போது வயது 58. உங்கள் எழுத்தைப் படித்ததும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த ஊசிக்கு இன்னொரு தடவை போகாதீர்கள்.

நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை உங்களுக்கு ஆன மாதிரியே, இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. இரண்டாவது தடவை எடுத்த மூன்றாம் நாள் நாக்பூர் தாண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது குளிர்காய்ச்சல். விரைப்பை சிவந்து, தொட முடியாத வலி. கிளீனர் பையன்தான் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஊசி போன வழியில் கிருமி புகுந்து உள்ளே இருந்த நீர் சீழாகிவிட்டதாம். கீறிச் சீழை எடுத்து, 11 நாள் படுத்துக் கிடந்தேன். அப்புறம் ஊருக்கு வந்து முறையாக ஆபரேஷன் செய்துகொண்டேன். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்ததால் சாதாரணமாக முடிய வேண்டியது இரண்டு மடங்கு நேரம் ஆனது என்று சர்ஜன் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாளில் பார்த்தால் முன்பு இருந்த அளவுக்கே வீங்கி, கெட்டியாக, நாவல்பழ நிறத்தில் இருந்தது. எல்லாம் வீணாய்ப் போய்விட்டது என்று அழுதுவிட்டேன். அது நீர் இல்லை, தையல் போட்ட இடத்து வீக்கம். வடிய எனக்கு இரண்டரை மாதம் ஆனது. அதன் பிறகு 9 வருடம் ஓடிவிட்டது, திரும்ப வரவில்லை. குடும்ப வாழ்க்கையிலும் ஒரு குறையும் இல்லை. இதை வெளிப்படையாக எழுதுவது, நீங்கள் அந்தப் பயத்தோடு இன்னொரு வருடம் இருந்துவிடக் கூடாது என்பதற்காக.

---

ஓய்வு_அறுவைமருத்துவர் எழுதியது:

தறிக்காரத் தம்பிக்கு வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 30 வருடத்துக்கு மேல் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்தவன் நான். காவிரிக் கரையிலும் சில வருடம் வேலை பார்த்தேன். உங்களைப் போல வேட்டியை மடித்துக் கட்டாமல், கூட்டத்தில் ஓரமாக நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஹைட்ரோசில் என்கிற விரைநீர்க்கோவைக்குப் பொருந்துகிறது.

விரையைச் சுற்றி இரண்டு மடிப்புள்ள ஒரு மெல்லிய உறை எல்லா ஆணுக்கும் உண்டு. அதற்குள் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறும், ஊறியதை உறையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுவது குறைந்தாலோ ஊறுவது கூடினாலோ நீர் தேங்குகிறது. சிலருக்குக் காரணமே தெரியாது. சிலருக்கு அடிபட்டு, கிருமித் தொற்று வந்து, குடலிறக்கம் அல்லது வெரிகோசில் (விரைப்பை ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்வது) ஆபரேஷனுக்குப் பிறகு வருவதுண்டு. ஊசியில் எடுப்பது கிணற்றை இறைப்பது போலத்தான். ஊற்று அப்படியே இருக்கும்போது எத்தனை குடம் இறைத்தாலும் மறுபடி நிறையும். கூடவே கிருமி புகும், ரத்தக்குழாயில் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டும். நாமக்கல்காரருக்கு நடந்தது கிருமி புகுந்ததுதான். உள்ளே இருப்பது நீரா குடலா என்று உறுதி செய்யாமல் ஊசி வைப்பது அதைவிட ஆபத்து. ஸ்கேன் பார்க்காமல் உங்களுக்கு ஊசி வைத்ததில் எனக்கு வருத்தம்தான்.

நீரை எடுத்துவிட்டு உறையின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு மருந்தைச் செலுத்துகிற முறையும் இருக்கிறது. இதய நோயோ வேறு காரணமோ இருந்து ஆபரேஷன் தாங்காத வயதானவர்களுக்கு அதைச் செய்வோம். ஒரே தடவையில் தீராமல் போகலாம், ஆபரேஷனைவிடத் திரும்ப வருவதும் அதிகம். இனி குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்குப் பொதுவாக அதைச் சொல்வதில்லை. உங்கள் வயதுக்கும் நீங்கள் உட்கார்ந்து செய்கிற வேலைக்கும் ஆபரேஷன்தான் சரி. சிறிதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டே இருக்கலாம். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

இனி யானைக்கால். உங்கள் பயத்தில் பாதி இதில்தான் இருக்கிறது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். இது வம்சத்தில் வருகிற நோய் கிடையாது. அழுக்குநீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோகிற புழுவால் வருகிறது. அந்தப் புழு நிணநீர்க் குழாய்களில், அதாவது உடம்பில் ஊறும் நீரைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோகிற மெல்லிய குழாய்களில், போய்த் தங்கிப் பல வருடம் உயிரோடு இருக்கும். சிலருக்குக் கால் வீங்கும். ஆண்களில் பலருக்கு விந்துக்குழாயை ஒட்டிய நிணநீர்க் குழாய்கள் கெட்டு விரைப்பையில் நீர் தேங்கும். உங்கள் அப்பாவைக் கடித்த அதே சாக்கடைக் கொசு சின்ன வயதில் உங்களையும் கடித்திருக்கலாம், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. உலகம் முழுவதும் சுமார் 2.5 கோடி ஆண்களுக்கு இந்தப் புழுவால் வந்த விரைவீக்கம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீங்கள் தனியாள் இல்லை.

வருடா வருடம் கொடுத்தது டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகள். ரத்தத்தில் திரிகிற குட்டிப் புழுக்களை அவை அழிப்பதால் அடுத்த வீட்டுக்குப் பரவுவது நிற்கும். ஊருக்கு அது பெரிய நன்மை. ஏற்கெனவே பெரிதாகத் தேங்கிய நீர் மாத்திரையால் வடிந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் புழுவின் குட்டிகள் ராத்திரியில்தான் தோல் பக்கத்து ரத்தத்துக்கு வரும். அதனால் இரவு 10 மணியிலிருந்து 2 மணிக்குள் எடுப்பார்கள். இல்லை என்று முடிவு வந்தாலும் பழைய புழு காரணமாக இருந்திருக்க முடியும், ஏனென்றால் வீக்கம் பல வருடம் கழித்தே வருகிறது. உங்களுக்கு எடுத்த நீர் தெளிவாகத் தேன் நிறத்தில் இருந்தது ஆறுதலான செய்தி. பால் மாதிரி இருந்திருந்தால் நிணநீரே உறைக்குள் கசிகிறது என்று பொருள்.

போனவுடன் டாக்டர் இருட்டறையில் டார்ச் வைத்துப் பார்ப்பார். நீர் என்றால் வீக்கம் சிவப்பு விளக்கு மாதிரி ஒளிரும். பலமுறை ஊசி பட்டுச் சுவர் தடித்திருந்தால் ஒளிராமலும் போகலாம். எனவே ஸ்கேன் கட்டாயம், நீருக்கு உள்ளே விரை எப்படி இருக்கிறது என்று அதில்தான் தெரியும். ஆபரேஷனில் உறையைத் திறந்து நீரை எடுத்துவிட்டு, மிச்ச உறையைப் புரட்டி விரைக்குப் பின்பக்கம் தைப்பது ஜாபுலே முறை. சுவர் மெல்லியதாக இருந்தால் வெட்டாமல் சுருக்கித் தைப்பது லார்ட் முறை. தடித்த உறை, யானைக்கால் புழுவால் வந்தது என்றால் உறையையே பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடுவது நல்லது, திரும்ப வருவது குறையும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்துச் செய்வார்கள். ஆண்மைக்கு வேண்டிய நரம்பும் ரத்த ஓட்டமும் இந்த உறையில் இல்லை. ரத்தம் கட்டுவது, புண்ணில் கிருமி பிடிப்பது, இவைதான் பெரும்பாலும் வருகிற தொந்தரவுகள். விரைக்கோ விந்துக்குழாய்க்கோ அடிபடுவது அபூர்வம். இந்த நீர்வீக்கம் புற்றாக மாறாது.

சர்க்கரை சோதித்துவிட்டுப் போங்கள். ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்னாலேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று தாங்க முடியாத வலி, காய்ச்சலோடு சிவப்பு, வாந்தியோடு கெட்டியான வீக்கம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

---

மதுரைக்_கிளி எழுதியது:

டாக்டர் ஐயா, குறுக்கே கேட்பதற்கு மன்னியுங்கள். என் மகனுக்கு எட்டு மாதம். பிறந்ததிலிருந்தே இடது பக்கம் வீக்கம். காலையில் சின்னதாகவும் சாயங்காலம் பெரிதாகவும் தெரிகிறது. காது குத்தினால் ஓதம் இறங்கிவிடும் என்று மாமியார் நாள் பார்த்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா ஊசியில் எடுக்கச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

---

ஓய்வு_அறுவைமருத்துவர் எழுதியது:

குழந்தைக்கு ஊசி வேண்டவே வேண்டாம் அம்மா. வயிற்றிலிருந்து விரை கீழே இறங்கிய பாதை பிறந்த பிறகு மூட வேண்டும். உங்கள் பையனுக்கு அது இன்னும் மூடவில்லை. நாள் முழுக்க நிமிர்ந்து இருக்கும்போது வயிற்று நீர் இறங்குகிறது, படுத்துத் தூங்கினால் திரும்புகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வயதுக்குள் தானே மூடிவிடும். அதற்கு மேலும் இருந்தால் குழந்தைகள் சர்ஜன் தொடை இடுக்கில் சின்னதாகக் கீறி அந்தப் பாதையைக் கட்டிவிடுவார். குடலும் அதே வழியில் இறங்கலாம் என்பதால் இப்போதே ஒரு தடவை காட்டிவிடுங்கள். வீக்கம் கெட்டியாகி, குழந்தை விடாமல் அழுதாலோ வாந்தி எடுத்தாலோ காத்திருக்காதீர்கள். காதுகுத்து உங்கள் வீட்டு விசேஷம், நன்றாகச் செய்யுங்கள். இந்த வீக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

---

சேலம்_28 எழுதியது:

ஸ்கேன் பற்றி டாக்டர் சொன்னதை யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கும் நீர்தான் என்று ஐந்து மாதம் சும்மா இருந்தேன். நீர் இருந்தது உண்மை. ஸ்கேனில் அதற்குப் பின்னால் விரைக்குள்ளேயே ஒரு கட்டி தெரிந்தது. ரத்தச் சோதனை செய்து, அந்த ஒரு விரையை எடுத்துவிட்டு, கீமோ கொடுத்தார்கள். இரண்டு வருடம் ஆகிறது. வேலைக்குப் போகிறேன், நன்றாக இருக்கிறேன். இந்தப் புற்று சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகிறது. ஊசி வைத்து உறிஞ்சாதது எனக்கு எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் புரிந்தது.

---

தறிவீடு_திருபுவனம் எழுதியது (இரண்டரை மாதம் கழித்து):

பதில் எழுதிய எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

சேலத்துத் தம்பி எழுதியதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் இல்லை. மறுநாளே ஸ்கேன் எடுத்தேன். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மகள் வந்து வாங்கிப் படித்தாள். நான்கு வருடம் யாருக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தேனோ, அவள்தான் வரி வரியாகப் படித்துச் சொன்னாள். 'விரை இரண்டும் நன்றாக இருக்கிறது, வலது பக்கம் நீர் மட்டும்தான்பா.' சொல்லிவிட்டு, 'இதுக்காகவா மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வரல?' என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கும்பகோணம் அரசு மருத்துவமனைக்கு அவளே கூட வந்தாள். டார்ச் வைத்தபோது டாக்டர் சொன்ன மாதிரியே சிவப்பாக ஒளிர்ந்தது. சர்க்கரை 236 என்று வந்ததால் உடனே சேர்க்கவில்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரியும். மூன்று வாரம் மாத்திரை, ராத்திரி சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி. அந்த இடைவெளியில் ஒரு நாள் இரவு 10 மணிக்கு மேல் எனக்கும் வீட்டில் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். யாருக்கும் புழு இல்லை. இந்த ஒரு வரியை எழுதும்போது கை நடுங்குகிறது. அப்பா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

ஆபரேஷன் முக்கால் மணி நேரம். முதுகில் ஊசி போட்டதும் கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. பேசுவது எல்லாம் கேட்கிறது, வலி துளியும் இல்லை. 400 மில்லி நீர் எடுத்தார்களாம். உறை தடித்திருந்ததால் வெட்டி எடுத்துவிட்டோம் என்றார் சர்ஜன். கசிவு வடிய வைத்திருந்த ரப்பர்த் துண்டை இரண்டாம் நாள் உருவினார்கள். அந்த நொடி மட்டும் சுருக்கென்றது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

ஐந்தாம் நாள் பார்த்தால் நாமக்கல் அண்ணன் எழுதிய அதே நாவல்பழ நிறம், அதே வீக்கம். அவர் எழுதியிருக்காவிட்டால் நான் அன்றே ஆட்டோ பிடித்திருப்பேன். படுக்கும்போது துண்டை மடித்து அடியில் வைத்து உயர்த்திக்கொள்ளச் சொன்னார்கள், நடக்கும்போது இறுக்கமான லங்கோடு. இந்த இரண்டும்தான் என்னைக் காப்பாற்றின. தையல் தானே உதிர்ந்தது. மச்சான் என் தறியில் உட்கார்ந்து ஏறியிருந்த பாவு நூலை நெய்து முடித்துக் கொடுத்தான். ஐந்தாவது வாரம் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்தேன், முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் மெதுவாகக் கூட்டி. இப்போது காலையில் மூன்று மணி நேரம், மதியம் மூன்று மணி நேரம். தொடை உரசவில்லை. போன புடவையை எட்டு நாளில் அறுத்தேன்.

ஒரே சந்தேகம். கீழ்ப்பக்கம் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கெட்டி இருக்கிறது. வலி இல்லை, பெரிதாகவும் இல்லை. இது மறுபடி நீரா?

---

ஓய்வு_அறுவைமருத்துவர் எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. உறையை வெட்டித் தைத்த ஓரத்தில் அப்படிக் கெட்டியாக இருப்பது வழக்கம்தான். சிலருக்குக் கரைய மூன்று நான்கு மாதமும் ஆகும். ஆனாலும் பார்க்காமல் நான் முடிவு சொல்லக்கூடாது. அடுத்த முறை சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது ஆபரேஷன் செய்த சர்ஜனிடமே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் பெரிதானாலோ சூடாக இருந்தாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையை மட்டும் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.